கத்தி வைத்தால் புற்றுநோய் பரவுமா? கட்டி வெட்டும் கள்ள வாய்க்கால்களின் கதை

“கட்டியில கத்தி வெச்சா பரவிடும்னு சொன்னாங்க. அதான் அப்படியே விட்டுட்டோம்.”

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் கேட்டுச் சலித்த வாக்கியம் இது. வாய்க்குள் ஆறாத புண், மார்பில் கட்டி, கழுத்தில் வீக்கம் என்று எதுவானாலும், ‘ஊசி குத்திப் பார்க்கணும்’ என்றதும் குடும்பத்தில் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுவார். அதன் பிறகு பச்சிலை, பத்தியம், வேண்டுதல் என்று இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும். திரும்பி வரும்போது நோய் உண்மையிலேயே பரவியிருக்கும். அப்புறம் வேறு வழியில்லாமல் ஆபரேஷன் நடக்கும். ‘பார்த்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்’ என்பார் அதே பெரியவர்.

புற்றுநோய் பரவுவது நிஜம்தான். புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை முதலில் தோன்றிய கட்டியால் நிகழ்வதில்லை. அது நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று வேறு இடங்களுக்குப் போய்க் குடியேறுவதால்தான் நிகழ்கின்றன. ஆனால், அந்தப் பயணத்துக்கு வழி போட்டுக் கொடுப்பது டாக்டரின் கத்தி அல்ல. கட்டியே தனக்கு வேண்டிய வாய்க்காலை வெட்டிக்கொள்கிறது. தன் பக்கத்து வடிகாலையும் அகலப்படுத்திக்கொள்கிறது. யாரும் கைவைப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அந்த வேலை தொடங்கிவிடுகிறது.

கடைமடைக்குத் தெரிந்த கணக்கு

வாய்க்கால், வடிகால் என்று சொல்வது வெறும் அலங்காரம் அல்ல. உடம்பின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. தரங்கம்பாடிப் பக்கத்து வயல் வரப்பில் நின்றாலே போதும்.

தரங்கம்பாடி, காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை தாண்டி, கிளை ஆறுகளாகப் பிரிந்து, ஏ, பி பிரிவு வாய்க்கால்களாக மெலிந்து, கடைசியில் கன்னி வாய்க்கால் வழியே வயலுக்குள் நுழையும். வந்த தண்ணீர் முழுவதையும் பயிர் குடித்துவிடாது. மிச்சம் வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். வடிகால் தூர்ந்து கிடந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி அழுகிவிடும். இந்தப் பக்கத்து விவசாயியிடம் ‘வாய்க்கால் முக்கியமா, வடிகால் முக்கியமா’ என்று கேட்டால், கேட்டவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ரத்தக் குழாய்கள்தாம் உடம்பின் வாய்க்கால். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி, கிளை கிளையாகப் பிரிந்து முடியைவிட மெல்லிய தந்துகிகளாகித் திசுக்களுக்குள் நுழைகிறது. அங்கே கசியும் நீரில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். திரும்பாத மிச்சத்தை வாரிக்கொண்டு போக இன்னொரு குழாய் அமைப்பு இருக்கிறது. அதுதான் நிணநீர்க் குழாய்கள், உடம்பின் வடிகால். பாடப் புத்தகங்கள் சொல்லும் கணக்குப்படி நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் நிணநீர் இப்படி வடிகிறது. கால், வயிறு, இடது கை என்று பல பக்கங்களிலிருந்தும் சேர்ந்து வந்து, கழுத்தின் இடது அடிப்பகுதியில் ஒரு பெரிய சிரையில் கலந்துவிடுகிறது.

வழியில் சோதனைச் சாவடிகளும் உண்டு. அவரை விதை அளவில், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு என்று நூற்றுக்கணக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் அவை. கிருமி வந்தால் இங்கே பிடிபடும், சண்டை நடக்கும், முடிச்சு வீங்கும். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். புண் எங்கே, வீக்கம் எங்கே என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த அந்த அனுபவ அறிவு சாதாரணமானதல்ல.

கோட்டையை மறந்த ராஜாவும் ஒரு டாக்டரும்

இந்த வடிகாலுக்கு ஐரோப்பிய மருத்துவத்தில் பெயர் வைத்தவர் யார் என்று தேடிப் போனால், கதை தரங்கம்பாடியின் பழைய எஜமானர்களிடம் போய் நிற்கிறது.

1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் டென்மார்க்காரர்கள். டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். மிளகும் துணியும் வாங்கிப் பணம் பார்க்கலாம் என்ற கணக்கு சீக்கிரமே பொய்த்தது. 1640-களில் தொடங்கி 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இந்தக் கரைக்கு வரவில்லை. கோட்டையில் இருந்தவர்களை ஊரே மறந்துபோனது.

அந்த மறதிக் காலத்தில், மூன்றாம் ஃபிரடெரிக் அரசரின் தலைநகரான கோபன்ஹேகனில், தாமஸ் பார்த்தோலின் என்ற உடற்கூறுப் பேராசிரியர் விலங்குகளையும் மனித உடல்களையும் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தமும் இல்லாமல், பாலும் இல்லாமல், தெளிந்த தண்ணீர் ஓடும் நுண்ணிய குழாய்களை அவர் கண்டார். 1653-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டு, தெளிந்த நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘லிம்ஃபா’வை வைத்து அவற்றுக்குப் பெயரிட்டார். அதே நேரத்தில் ஸ்வீடனில் ஓலாஃப் ருட்பெக் என்ற இளைஞரும் இதே குழாய்களைக் கண்டிருந்தார். யார் முதல் என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. உணவிலிருந்து ரத்தத்தைத் தயாரிப்பது கல்லீரல்தான் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பப்பட்ட கருத்து இந்தக் கண்டுபிடிப்புகளால் அடிபட்டது. பார்த்தோலின் சும்மா இருக்கவில்லை. பதவி இழந்த கல்லீரலுக்குக் கல்லறை வாசகமே எழுதிவைத்தார். ஆராய்ச்சியாளர்களுக்குக் குசும்பு உண்டு என்பதற்கு அது 17-ம் நூற்றாண்டு ஆதாரம்.

நிணநீர்க் குழாய் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் காவிரி டெல்டா மக்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. யானைக்கால் நோய்க்குக் கும்பகோணம் பெயர்போன காலம் ஒன்று இருந்தது. கொசு வழியாக நுழையும் ஃபைலேரியா புழு, நிணநீர்க் குழாய்க்குள்ளேயே ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் குடியிருக்கும். குழாய் விரிந்து, வால்வு கெட்டு, நீர் தேங்கி, கால் பெருக்கும். அதன் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலவும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்த காலத்தை மூத்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். புழு விரிக்கும் அந்தக் குழாயைப் புற்றுநோயும் விரிக்கிறது. இரண்டு இடங்களிலும் வேலை செய்யும் ரசாயனம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

தாகம் எடுத்த கட்டி

1960-களின் தொடக்கம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் சர்ஜனுக்கு, ரத்தத்துக்கு மாற்றாக ஒரு திரவம் தயாரிக்கும் வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அதைச் சோதிக்க, உடலிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பிக்குள் அந்தத் திரவத்தை ஓடவிட்டு, சில புற்றுநோய்ச் செல்களையும் உள்ளே வைத்துப் பார்த்தார்கள். செல்கள் வளர்ந்தன. ஆனால், குண்டூசித் தலை அளவுக்கு, அதாவது 1, 2 மில்லிமீட்டர் வந்ததும் நின்றுவிட்டன. சாகவில்லை, வளரவும் இல்லை. அதே கட்டியை உயிருள்ள எலிக்குள் மாற்றி வைத்ததும் தடதடவென்று பெருத்தது.

என்ன வித்தியாசம்? எலிக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைத்து வந்து கட்டிக்குள் நுழைந்தன. சுரப்பிக்குள் அது நடக்கவில்லை.

ஆக்சிஜன் ரத்தக் குழாயிலிருந்து மிகச் சிறிய தூரம்தான் ஊறிப் போகும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அதற்கு அப்பால் இருக்கும் செல் மூச்சுத் திணறும். எனவே, பெரிதாக வேண்டும் என்றால் கட்டிக்குப் புது வாய்க்கால் வேண்டும். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியேறி ரத்தக் குழாய்களை அழைக்கிறது. அந்த அழைப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று 1971-ல் ஃபோக்மன் எழுதினார். பலர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் வெறும் அழற்சி என்றார்கள். ஆனால், அவர் ஆய்வகத்துக்குள் மட்டுமே இருந்தவர் அல்ல. ஆபரேஷன் மேஜையில் தொட்டதும் ரத்தம் பீறிடும் கட்டிகளைக் கையால் தொட்ட சர்ஜன். விடவில்லை.

அழைப்பை அனுப்பும் அந்தப் பொருளைப் பிடிக்க 18 ஆண்டுகள் ஆயின. 1983-ல் ஹார்வர்டில் ஹெரால்ட் டிவோராக் குழு, ரத்தக் குழாயைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. 1989-ல் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா, ரத்தக் குழாய்களை வளரவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று. இரண்டு ஊரில் இரண்டு பெயரில் வாழ்ந்த ஒரே ஆள்! ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி என்று தமிழில் சொல்லலாம். டாக்டர்கள் சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். என்கிறார்கள்.

இதை வில்லன் என்று ஒரே அடியாக ஒதுக்க முடியாது. காயம் ஆறுவதற்கு, கர்ப்பப்பையில் கரு பதிவதற்கு, உடற்பயிற்சி செய்யும் தசைக்குக் கூடுதல் ரத்தம் கிடைப்பதற்கு இது வேண்டும். இதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டால்கூட எலிக்குட்டி கருவிலேயே இறந்துவிடுகிறது என்று 1996-ல் கண்டார்கள். நல்ல திசுவில் வேலை முடிந்ததும் மதகு மூடப்படும். புற்றுநோயில் மூடப்படுவதே இல்லை.

மதகைத் திறப்பது எது? ஆக்சிஜன் பற்றாக்குறை. மூச்சுத் திணறும் செல்லுக்குள் ஒரு புரதம் விழித்துக்கொண்டு, ‘வாய்க்கால் வெட்டு’ என்ற உத்தரவைப் போடுகிறது. செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி அவசரமாக வெட்டிய வாய்க்காலுக்குக் கரை சரியாக இருக்காது. கட்டிக்குள் வளரும் ரத்தக் குழாய்கள் கோணலும் மாணலுமாக, ஓட்டை ஒழுகலாக இருக்கின்றன. நீர் கசிந்துகொண்டே இருக்கும். கருப்பை அண்டகப் புற்றுநோயில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதில் வி.இ.ஜி.எஃப்-புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் கசியும் ஓட்டை வழியாகப் புற்றுச் செல்லும் நுழையலாம். உள்ளே சாப்பாடு கொண்டுவரும் வழி, வெளியே தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

ரத்தத்தில் குதிக்கும் செல்கள் எல்லாம் பிழைப்பதில்லை. மிகப் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிடும். 1889-ல் லண்டன் டாக்டர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். நோய் கண்ட இடமெல்லாம் விழவில்லை, சில உறுப்புகளை மட்டும் தேடிப் பிடித்திருந்தது. விதை எங்கும் சிதறும், பக்குவமான மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். முளைத்த இடத்திலும் 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டுமானால் மறுபடியும் வாய்க்கால் வெட்டியாக வேண்டும். பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு திடீரென்று நோய் தலைதூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகால் வழியே முதல் பயணம்

வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகிய மூன்றும் இந்தியாவில் அதிகம் காணப்படுபவை. மூன்றுமே பெரும்பாலும் முதலில் பிடிப்பது ரத்தக் குழாயை அல்ல, நிணநீர்க் குழாயை. காரணம் எளிது. அந்தக் குழாயின் சுவர் மெல்லியது, ஓட்டம் நிதானமானது, நுழைவது சுலபம்.

கட்டி இங்கேயும் உத்தரவு அனுப்புகிறதா என்பது நெடுநாள் கேள்வி. 1996-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் காரி அலிட்டாலோவின் குழு வி.இ.ஜி.எஃப்-சி என்ற தம்பிப் புரதத்தைக் கண்டறிந்தது. அண்ணன் ரத்தக் குழாயை வளர்க்கிறான் என்றால், தம்பிக்கு நிணநீர்க் குழாய்தான் பிரதான வேலை. டி என்று இன்னொரு தம்பியும் உண்டு. 2001-ல் அடுத்தடுத்து வெளியான எலி ஆய்வுகளில், இந்தப் புரதங்களை அதிகம் சுரக்கும் கட்டிகளைச் சுற்றி நிணநீர்க் குழாய்கள் பெருகின. பக்கத்து முடிச்சுகளுக்கு நோய் பரவுவதும் கூடியது. பரவல் என்பது தற்செயலான விபத்து இல்லை, கட்டி முனைந்து செய்யும் வேலை என்று அப்போது உறுதியானது.

அதற்கடுத்து வந்ததுதான் வயிற்றைக் கலக்கும் செய்தி. புற்றுச் செல் போய்ச் சேருவதற்கு முன்பே, அது போகப்போகும் முடிச்சுக்குள் நிணநீர்க் குழாய்கள் பெருகத் தொடங்குவதை எலிகளில் பார்த்தார்கள். ஆள் வருவதற்கு முன்பே அறையைப் பெருக்கித் துடைத்து வைப்பதுபோல, கட்டி அனுப்பிய புரதம் முன்கூட்டியே போய் இடத்தைத் தயார் செய்கிறது. 2018-ல் வந்த இரண்டு எலி ஆய்வுகளோ, முடிச்சுக்குள் சேர்ந்த செல்கள் அங்குள்ள ரத்தக் குழாய்க்குள் தாவி நுரையீரல் வரை போவதைக் காட்டின. வடிகாலில் வந்தவன் சாவடியிலேயே வாய்க்காலுக்கு மாறிவிடுகிறான்.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனின்போது மார்பில் நீலச் சாயம் செலுத்தி, அக்குளில் பார்ப்பதன் பொருள் இதுதான். சாயம் முதலில் சேரும் முடிச்சு எதுவோ, நோயும் முதலில் அங்குதான் போயிருக்க முடியும். அதை மட்டும் எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம். முடிச்சுகள் அனைத்தையும் வழித்தெடுத்தால் சில பெண்களுக்குக் கை வீங்கிவிடும். யானைக்காலில் நடப்பதுதான் கையிலும் நடக்கிறது: வடிகால் போனால் நீர் தேங்கும்.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

வி.இ.ஜி.எஃப்-பை முடக்கும் பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்து 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவாஸ்டின் என்பது அதன் வணிகப் பெயர். பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் 813 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கீமோவோடு இதையும் சேர்த்துக்கொண்டவர்களின் நடுநிலை ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக நீண்டது.

ஐந்து மாதம்கூட இல்லை. ஒரு குடும்பத்துக்கு அந்த ஐந்து மாதம் பெரிதாக இருக்கலாம். மகள் கல்யாணத்தைப் பார்க்கக் கிடைத்த காலமாக இருக்கலாம். ஆனால், 1998-ல் ஃபோக்மனின் எலி ஆய்வுகளை வைத்து ‘புற்றுநோய் ஒழிந்தது’ என்ற தோரணையில் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதியதையும், அந்த வாரம் மருந்து கம்பெனியின் பங்கு விலை எகிறியதையும் நினைத்தால் இது மிகச் சிறிய அறுவடைதான். ஃபோக்மன் மட்டும் அப்போதே, எலியாக இருந்தால் நன்றாகக் குணமாக்கலாம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். மார்பகப் புற்றுநோய்க்கு இந்த மருந்துக்குக் கொடுத்த அனுமதியை, ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்படவில்லை என்று 2011-ல் அமெரிக்க அரசே திரும்பப் பெற்றது.

ஏன் இந்தச் சறுக்கல்? வாய்க்காலை அடைத்தால் கட்டிக்குள் ஆக்சிஜன் இன்னும் குறைகிறது. குறைந்தால் உத்தரவு இன்னும் பலமாகிறது. ஒரு புரதத்தை அடைத்தால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பக்கவிளைவும் உண்டு. நல்ல வேலைக்கும் வேண்டிய புரதம் என்பதால் ரத்த அழுத்தம் ஏறும், காயம் ஆறத் தாமதமாகும், அரிதாகக் குடலில் ஓட்டை விழும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இந்த ஊசியைச் சில வாரங்கள் தள்ளிவைப்பது அதனால்தான்.

கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்து அமெரிக்கா போன ராகேஷ் ஜெயின் என்ற விஞ்ஞானி 2001-ல் இதை வேறு கோணத்தில் பார்த்தார். கட்டியின் குழாய்கள் கோணலாக, ஒழுகலாக இருப்பதால் கீமோ மருந்தும் உள்ளே ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. வி.இ.ஜி.எஃப்-பை அளவோடு கட்டுப்படுத்தினால் குழாய்கள் கொஞ்ச காலத்துக்குச் சீராகின்றன; அந்த நேரத்தில் மருந்து நன்றாக இறங்கும் என்றார். வாய்க்காலை அடைப்பதைவிட, தூர்வாரி அதன் வழியாகவே மருந்தைப் பாய்ச்சுவது. டெல்டாக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதே மருந்து முற்றிலும் வேறொரு வழியில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக முளைத்துக் கசியும்போது கண்ணுக்குள் போடும் ஊசி, வி.இ.ஜி.எஃப்-பை முடக்கும் ஊசிதான். தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ ‘கண்ணுக்குள்ள ஊசி’ போட்டுக் கூட்டிவந்த பலருக்கு, அதன் மூலம் புற்றுநோய் ஆராய்ச்சி என்பது தெரிந்திருக்காது. புற்றுநோயைவிடக் கண்ணில்தான் இந்த மருந்து தன் பெயரைக் காப்பாற்றியது என்று சொன்னாலும் தப்பில்லை.

மும்பை கொடுத்த இரண்டு பதில்கள்

இந்தியாவின் பிரச்னை வேறு மாதிரியானது. பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கத்தால் இங்கே வாய்ப் புற்றுநோய் மிக அதிகம். வெற்றிலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

வாயில் சிறிய கட்டி, கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, கழுத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டுமா? ‘வீங்கினால் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது உலகம் முழுக்கப் பல டாக்டர்களின் வழக்கமாக இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி குரூஸ் தலைமையிலான குழு 2004 முதல் பத்தாண்டுகள் இதைச் சோதித்தது. 500 நோயாளிகளின் முடிவு 2015-ல் வெளியானது. முதலிலேயே முடிச்சுகளை எடுத்தவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பின் 80 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவிகிதம் பேர்தான். எட்டுப் பேருக்குச் செய்தால் ஒரு உயிர் கூடுதலாகத் தப்பும். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. கைக்குத் தட்டுப்படும் முன்பே வடிகாலில் நோய் இறங்கிவிட்டிருக்கும் என்பதை மதித்ததற்குக் கிடைத்த பலன் இது.

இரண்டாவது பதில், நோய் முற்றி ஆபரேஷன் செய்ய முடியாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கானது. கீமோவைப் பெரிய அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதற்குப் பதிலாக, சின்ன அளவில் விடாமல் கொடுத்தால் அது கட்டியின் ரத்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் என்பது 2000-ல் ஃபோக்மன் ஆய்வகமும் கனடாவில் ராபர்ட் கெர்பல் குழுவும் எலிகளில் கண்ட விஷயம். கெர்பல் குழு பயன்படுத்திய மருந்து வின்பிளாஸ்டின். அது எடுக்கப்படுவது, தமிழ்நாட்டுக் கடற்கரை மணலிலும் சமாதிகளின் ஓரத்திலும் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. இலையைக் கசக்கிக் குடித்தால் மருந்தாகிவிடாது, விஷமாகிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

டாடா மருத்துவமனை டாக்டர்கள் இதே யோசனையை இரண்டு மலிவான மாத்திரைகளில் செய்து பார்த்தார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினம் இருவேளை செலிகாக்ஸிப். இரண்டாவது, மூட்டுவலிக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை, வி.இ.ஜி.எஃப் சுரப்பைத் தூண்டும் ஒரு பாதையை அது மட்டுப்படுத்துகிறது. 422 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2020-ல் வெளியானது. நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் நடுநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவுகளும் மாத்திரைக்காரர்களுக்கே குறைவு. முற்றிய நோயில் இது குணம் அல்ல, அவகாசம். ஆனால், தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து படுக்கவேண்டியவருக்கு, வீட்டில் இருந்தபடியே விழுங்கும் மாத்திரையின் மதிப்பு மாதக் கணக்கில் மட்டும் அடங்காது.

நிணநீர் வழியை மட்டும் குறிவைத்து அடைக்கும் புற்றுநோய் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. அதுவரை அந்த வடிகாலுக்குக் காவல், சர்ஜனின் கையும் நோயாளியின் கவனமும்தான்.

கத்தி பற்றி...

‘கத்தி வெச்சா பரவும்’ என்ற நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏற்கெனவே பரவிய பிறகு ஆபரேஷனுக்கு வருபவர்களே அதிகம் என்பதால், ஆபரேஷனுக்குப் பிறகு நோய் தெரிவது கண்ணில் படுகிறது. அதற்கு முன்பே அது வெட்டிய வாய்க்கால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஊசி போன தடத்தில் செல் தங்கி வளர்வது மிக அரிதாக நடக்கலாம் என்பதும் உண்மை. விதைப்பை போன்ற சில இடங்களில் டாக்டர்கள் ஊசி குத்துவதைத் தவிர்ப்பது அதனால்தான். மற்ற இடங்களில் எங்கே, எந்தக் கோணத்தில் எடுப்பது என்பதற்கும் முறை இருக்கிறது. நிஜமாகப் பயப்படவேண்டிய கத்தி ஒன்று உண்டு: ‘சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்’ என்று பரிசோதிக்காமலேயே பாதியாக வெட்டி எடுத்து, எடுத்ததை லேபுக்கும் அனுப்பாமல் தூக்கிப் போடும் கத்தி.

நெறி கட்டுவதெல்லாம் புற்றுநோயும் அல்ல. சளி, பல் சொத்தை, தலையில் புண், பேன் கடி என்று காரணங்கள் ஏராளம். கழுத்து நெறிக்கு நம் ஊரில் காசநோயும் முக்கியக் காரணம், அது மருந்தால் குணமாகக்கூடியது. தொட்டால் வலித்து, இரண்டு வாரத்தில் கரைந்துபோகும் நெறியைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. வலியே இல்லாமல், கல்லுப்போல் கெட்டியாக, மூன்று வாரம் தாண்டியும் அப்படியே இருப்பதைத்தான் காட்ட வேண்டும். வாய்ப்புண், நாக்கில் வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றுக்கும் அதே மூன்று வாரக் கணக்குதான். மார்பில் கட்டி என்றால் அந்த மூன்று வாரம்கூட வேண்டாம்.

இடது காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் கட்டி தட்டுப்பட்டால் டாக்டர் கழுத்தை விட்டுவிட்டு, ‘பசி எப்படி இருக்கு, எடை குறைஞ்சிருக்கா’ என்று வயிற்றைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவார். குழம்ப வேண்டாம். உடம்பின் பெரிய நிணநீர் வடிகால் வயிற்றிலிருந்து ஏறிவந்து ரத்தத்தில் கலக்கும் முகத்துவாரம் அந்த இடம்தான். வயிற்றுப் புற்றுநோய் சில சமயம் முதன்முதலில் தன்னைக் காட்டிக்கொள்வதும் அங்கேதான்.